அகமும் புறமும் அல்லாத முன்றில்: ஐயம்பேட்டை நெசவுத் தெருவும் பொதுவெளி குறித்த தமிழாய்வும்

ஆய்வுச் சுருக்கம்

தனிவெளி, பொதுவெளி என்னும் மேலைக் கருத்தாக்கங்களை அகம், புறம் என்னும் தமிழ்க் கருத்தாக்கங்களோடு நேருக்கு நேர் இணைவைக்கும் போக்கு அண்மைக்காலத் தமிழாய்வில் பெருகியுள்ளது. காஞ்சிபுரம் மாவட்டத்து ஐயம்பேட்டை போன்ற பட்டு நெசவூர்களின் வீடும் தெருவும் இவ்விணைவைப்பை ஏற்பதில்லை. அங்கு அழகும் உழைப்பும் ஒருங்கே நிகழும் இடம் வீட்டுக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட முன்றிலே ஆகும். சோவியத்துக்குப் பிந்தைய நகரங்களின் பட்டறிவோடு ஒப்பிட்டு, முன்றிலைத் திறனாய்வுச் சொல்லாகவும் வாழ்வாதார உரிமையாகவும் மீட்க வேண்டியதன் தேவையை இக்கருத்துரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: முன்றில், திண்ணை, பாவு, பொதுவெளி, நெசவூர், அலர், ஐயம்பேட்டை

முன்னுரை

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், முத்தியால்பேட்டைக்கு அருகில் அமைந்த நெசவூர் ஐயம்பேட்டை. காஞ்சிபுரப் பட்டு என்னும் பெயரால் உலகம் அறிந்த சேலைகள் காஞ்சி நகருக்குள் மட்டும் நெய்யப்படுவன அல்ல. நகரைச் சூழ்ந்த இத்தகைய பேட்டைகளின் வீடுகளிலும் நெய்யப்படுகின்றன. இவ்வீடுகளில் தறி ஒரு தனிக் கூடத்தில் ஒதுக்கப்பட்ட கருவியாக இருப்பதில்லை. உண்பதும் உறங்குவதும் விருந்தோம்புவதும் நிகழும் அதே கூரையின் கீழ்த் தரையில் குழி தோண்டித் தறி நாட்டப்படுகிறது. வீடே பட்டறை, பட்டறையின் நீட்சியே தெரு.

இத்தகைய இடத்தைத் தனிவெளி என்பதா, பொதுவெளி என்பதா? இவ்வினா கலைச்சொல் பற்றியது மட்டுமன்று. வீட்டுமனை அளவை முடிவு செய்யும் அரசாணை, தெருவை யாருடையது என வரையறுக்கும் சட்டம், உழைக்கும் சிறார் குறித்த விதிவிலக்கு ஆகிய அனைத்தும் இதற்கான ஏதேனும் ஒரு விடையை முன்முடிவாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளன. அவ்விடை பிழையாகும்போது அதன் விலையை நெசவாளர் செலுத்துகின்றனர். எனவே தமிழாய்வு இச்சொற்களை எவ்வாறு கையாள்கிறது என்பதைச் சற்றே நின்று எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

அகம், புறம்: இணைவைப்பின் சிக்கல்

யூர்கன் ஹாபர்மாஸ் 1962இல் முன்வைத்த பொதுவெளிக் கோட்பாடு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் காப்பியகங்கள், இதழ்கள், வாசிப்புக் கூடங்கள் ஆகியவற்றில் தனிமனிதர் ஒன்றுகூடிப் பொதுச்செய்திகளை விவாதித்த வரலாற்றிலிருந்து உருவானது. இக்கோட்பாடு தமிழுக்கு வந்தபோது, அதற்கு ஆயத்தமாக ஓர் இணை இங்கே காத்திருந்தது போலத் தோன்றியது. அகம் என்பது தனிவெளி என்றும், புறம் என்பது பொதுவெளி என்றும் சமன்பாடு எழுதப்பட்டது. கருத்தரங்கக் கட்டுரைகளில் இச்சமன்பாடு இன்று மெய்ப்பிக்க வேண்டாத உண்மையாகவே வழங்குகிறது.

தொல்காப்பியத்தைக் கூர்ந்து நோக்கின் இச்சமன்பாடு நிலைபெறாது. அகத்திணை மாந்தர் பெயர் சுட்டப்பெறாதவர். பெயர் மறைவதற்குக் காரணம் அவர்களது வாழ்வு ஊரறியாதது என்பதன்று. அது எவருக்கும் உரியதாகப் பாடப்படுகிறது என்பதே. மேலும், அகப்பாடல்களுக்குள் ஊர் எப்போதும் உடனிருக்கிறது. அம்பலும் அலரும் இல்லாமல் களவொழுக்கம் கற்பை நோக்கி நகர்வதே அரிது. தெருவின் பேச்சு தலைவியின் உள்ளத்தையும் இல்லத்தையும் ஒருசேரத் தாக்குகிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சென்று வருவோரை வாயில்கள் என அழைக்கும் மரபும் எண்ணத்தக்கது. தோழி முதல் கண்டோர் வரையிலான பன்னிருவர் கதவாக நிற்கின்றனர். அக்கதவுகள் திறக்கும், மறுக்கும், செய்தி சொல்லும். அகம் என்பது சுவரால் அடைக்கப்பட்ட இடம் என்ற எண்ணத்துக்கு இம்மரபில் இடமில்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளிக்கு மொழியிலேயே ஒரு சொல் உண்டு. அது முன்றில். இல் முன் என்பது முன்றில் என வழங்குவதை இலக்கணப்போலிக்குச் சான்றாக மாணவர் அனைவரும் கற்கின்றனர். தொல்காப்பிய எழுத்ததிகாரமோ, முன் என்னும் சொல்லும் இல் என்னும் சொல்லும் புணரும்போது றகரம் தோன்றுவதற்குத் தனி விதி வகுத்து, அதனைத் தொன்றுதொட்டு மருவி வந்த மரபு என்கிறது. நூல் எழுந்த காலத்திலேயே பழமையுற்றிருந்த ஒரு வழக்கு என்பதை இது உணர்த்துகிறது. வீட்டின் முன்னிடம் வீட்டோடு சேர்ந்ததா, வெளியோடு சேர்ந்ததா எனப் பிரித்துப் பார்க்காமல், இரண்டும் புணர்ந்த ஓரிடமாகவே தமிழ் அதற்குப் பெயரிட்டது. தொண்டைமான் இளந்திரையனின் கச்சியை நோக்கிப் பாணனை ஆற்றுப்படுத்தும் பெரும்பாணாற்றுப்படையில் எயினர், கோவலர், உழவர், வலைஞர் எனப் பல தொழிலாரின் குடியிருப்புகள் அடுத்தடுத்து வருவதும் இங்கு நினைக்கத்தக்கது. அங்கு வீடு அதன் தொழிலாலும், அது வழிப்போக்கனுக்கு அளிக்கும் உணவாலும் அறியப்படுகிறது. வீடு என்பது உள்ளே இருப்போருக்கு மட்டும் உரியதாக அப்பாட்டில் காட்டப்படவில்லை.

பாவு விரியும் தெரு

ஐயம்பேட்டை போன்ற ஊர்களில் முன்றிலின் பொருளை விளக்குவதற்கு இலக்கணத்தைவிடப் பாவு வலிய சான்றாகிறது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைத்தொகுதியே பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவைத் தறியில் ஏற்றுமுன் அதனை முழு நீளத்துக்கும் விரித்து, இழைகளைப் பிரித்து, அறுந்தவற்றை முடிந்து, கஞ்சி தடவி, உலர்த்திச் சுருட்ட வேண்டும். மூன்று சேலைகளுக்கான பாவு என்றால், சேலைக்கு ஐந்தரை மீட்டர் எனக் கொண்டாலே, அது 16 மீட்டருக்கு மேல் நீளும். எந்த நெசவாளர் வீட்டின் கூடமும் அவ்வளவு நீளமுடையதன்று. எனவே வெயில் கடுமையாவதற்கு முன், விடியற்பொழுதில், தெரு பாவுக்கு உரியதாகிறது. ஒரு வீட்டுப் பாவுக்குப் பக்கத்து வீட்டார் கைகொடுக்கின்றனர். மறுநாள் அவர்களது பாவுக்கு இவர்கள் கைகொடுக்கின்றனர். வண்டியில் வருவோர் சுற்றிச் செல்கின்றனர்.

வாசல் தெளித்துக் கோலமிட்ட தரைக்கு மேலே, இடுப்புயரத்தில், அரக்கும் மாம்பழ மஞ்சளுமாகப் பட்டு நீண்டு கிடக்கும் இக்காட்சி ஒளிப்படக் கலைஞர்களை ஈர்ப்பது இயல்பே. ஆயினும் இதன் அழகு கண்ணுக்கு மட்டும் உரியதன்று. ஒரே தெரு விடியலில் பட்டறை, காலையில் பள்ளி செல்லும் வழி, மாலையில் திண்ணைப் பேச்சின் களம், திருவிழாவில் சாமி புறப்பாட்டின் வீதி என்று பொழுதுக்கேற்ப உரிமை மாறுகிறது. இடத்தைப் பங்கிடுவதற்குச் சுவரைவிடப் பொழுதே பெரிதும் பயன்படுகிறது. திணைக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும் என வகுத்த மரபில் வந்தோர்க்கு இது புதிதன்று. பொதுவெளி பற்றிய இன்றைய ஆய்வுகள் நிலத்தை மட்டும் அளந்து பொழுதை விட்டுவிடுகின்றன என்பதே குறை.

காஞ்சிப் பட்டின் தனித்தொழில்நுட்பமான கோர்வையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. சேலையின் உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில் அமையும்போது, உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று பற்றித் திரும்புகின்றன. இவ்வாறு கோத்த இடம் சேலையின் மிக வலிய பகுதியாகக் கருதப்படுகிறது. பிணைப்பு தளர்ந்தால் கரை தனியே பிரிந்துவிடும். உள்ளும் வெளியும் பிணையும் இடத்தைக் குறையாக எண்ணி மறைக்காமல், அதற்கே மிகுதியான உழைப்பைச் செலுத்துவது இந்நெசவின் இயல்பு. நெசவூரின் முன்றிலும் அத்தகைய கோர்வையே.

சோவியத்துக்குப் பிந்தைய நகரங்கள் தரும் ஒப்பீடு

முன்றில் அழிந்தால் நேர்வது என்ன என்பதை அறிய, முற்றிலும் வேறான ஒரு நிலப்பரப்பின் பட்டறிவு உதவும். சோவியத் ஒன்றியத்தில் நிலமும் வீடும் பெரும்பாலும் அரசுடைமை. தொடக்கக் காலத்தில் ஒரே குடியிருப்பின் அறைகள் பல குடும்பங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. சமையலறை அனைவருக்கும் பொது. 1955இல் குருசேவ் காலத்து ஆணை கட்டட அலங்காரங்களைத் தேவையற்ற மிகைகள் எனக் கண்டித்தது. அதன்பின் முன்வார்ப்புப் பலகைகளால் ஆன ஐந்தடுக்கு வீடுகள் ஒன்றியம் முழுதும் ஒரே அச்சில் எழுந்தன. குடும்பங்களுக்குத் தனிச் சமையலறை கிடைத்தது; அதன் பரப்பு ஏறத்தாழ 6 சதுர மீட்டர். பொதுச் சதுக்கத்தில் பேச முடியாதவற்றை மக்கள் அச்சிறு சமையலறையில் பேசினர். பொதுவெளி எனப் பெயரிடப்பட்ட இடம் அரசின் இடமாகவும், தனிவெளி எனப் பெயரிடப்பட்ட இடம் உண்மையான விவாதத்தின் இடமாகவும் மாறிய விந்தை அது.

1991இல் ருசியா வீடுகளைத் தனியுடைமையாக்கும் சட்டத்தை இயற்றியது. பிற குடியரசுகளும் அவ்வழியே சென்றன. கதவுக்கு உட்பட்ட பகுதி குடியிருப்போருக்குச் சொந்தமாயிற்று. படிக்கட்டும் நுழைவாயிலும் முற்றமும் யாருக்கு உரியன என்பது தெளிவற்றுப் போயிற்று. விளைவு, உள்ளே புதுப்பிக்கப்பட்ட வீடுகளும் வெளியே சிதைந்த படிக்கட்டுகளும். மக்கள் இரும்புக் கதவுகளை மாட்டினர். மாடமுகப்புகளைக் கண்ணாடியிட்டு அடைத்து அறையாக்கினர். ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் அடுக்ககங்களின் வெளிச்சுவரில் குடியிருப்போரே கூடுதல் அறைகளைக் கட்டி ஒட்டவைத்தனர். இவற்றைக் கருப்பொருளாகக் கொண்டே 2013 வெனிஸ் கலைக் கண்காட்சியில் ஜார்ஜியாவின் அரங்கு அமைந்தது. தனியுடைமை ஒருபுறமும் அரசுடைமை மறுபுறமும் தெளிவாக வரையப்பட்ட இடங்களில், சிதைந்தது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடமே.

இதற்கு மாறான ஒரு சான்று உஸ்பெகிஸ்தானின் பெர்கானாப் பள்ளத்தாக்கில் உள்ள பட்டு நகரான மார்கிலான். சோவியத் காலத்தில் அங்குப் பட்டு நெசவு பெருமளவில் அரசு ஆலைகளுக்குள் சென்றது. ஒன்றியம் கலைந்தபின் கைவினைப் பட்டறைகள் மீண்டும் தலையெடுத்தன. மார்கிலானின் கைவினை மேம்பாட்டு மையம் அட்லஸ், அத்ரஸ் என்னும் துணிவகைகளின் நெசவு நுட்பத்தைக் காக்கும் முயற்சிக்காக 2017இல் யுனெஸ்கோவின் நற்பாதுகாப்பு நடைமுறைகள் பதிவேட்டில் இடம்பெற்றது. ஆலையிலிருந்து பட்டறைக்குத் திரும்பிய தறி தனக்கான இடத்தை மீண்டும் தேட வேண்டியிருந்தது. ஐயம்பேட்டையின் தறியோ வீட்டைவிட்டு என்றுமே வெளியேறவில்லை. அது இழந்து வருவது வீட்டின் முன்னிடத்தை.

முன்றிலின் மறுபக்கம்

முன்றிலைப் பழம்பெருமையாக மட்டும் போற்றுவது ஆய்வாகாது. தமிழகத் தெரு எல்லோருக்கும் பொதுவாக இருந்த காலம் என ஒன்றைச் சுட்டுவது எளிதன்று. இடைக்காலத்தில் நெசவாளர் கோயிலைச் சூழ்ந்த திருமடைவிளாகங்களில் குடியேற்றப்பட்டதையும், தறி இறை செலுத்தியதையும் விஜயா ராமசாமி 1985இல் வெளியிட்ட நூலில் கல்வெட்டுச் சான்றுகளோடு விளக்குகிறார். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காஞ்சிபுரத்திலும் விரிஞ்சிபுரத்திலும் வழங்கிய முறைப்படி, தண்டும் சங்கும் கொள்ளும் உரிமை பிற ஊர்க் கைக்கோளருக்கும் அளிக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. தெருவில் பல்லக்கேறிச் செல்வதும் சங்கு ஊதுவதும் வேண்டிப் பெற வேண்டிய சிறப்புரிமைகளாக இருந்தன என்பதே இதன் பொருள். பெறாதோர் பலர், தெருவில் நடக்கவே மறுக்கப்பட்டோரும் உளர். திண்ணையும் அவ்வாறே. யார் அமரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்பதைச் சாதி வகுத்தது. வழிப்போக்கருக்கு நிழல் தந்த அதே திண்ணை வேறு சிலருக்கு எல்லைக்கோடாகவும் நின்றது.

வீட்டுக்குள்ளும் நிலைமை எளிதன்று. நான்காம் அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019–20) நாட்டின் கைத்தறித் தொழிலாளர் 35.22 லட்சம், நெசவாளருள் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பெண்கள். பாவு பிணைப்பதும் ஊடைக்கு நூல் சுற்றுவதும் வீட்டு வேலையின் பகுதியாக எண்ணப்படுவதால், அவற்றுக்குத் தனிக்கூலி கிடைப்பது அரிது. கோர்வைத் தறியில் நெசவாளருக்குத் துணையாகப் பக்க நாடாவைத் தள்ளும் பணியில் நெடுங்காலம் சிறுவர் அமர்த்தப்பட்டனர். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் பட்டறைகளுக்கு விலக்களித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிலில் ஈடுபடுத்துவதைத் தடைசெய்தபோதும், பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதித்தது. வீடு தனிவெளி என்னும் கருத்து இங்கே உழைப்பை மறைக்கும் திரையாகிறது. காஞ்சிவரம் (2008) திரைப்படத்தின் நெசவாளி, மகளின் திருமணத்துக்காகத் திருடிய பட்டிழைகளைக் கொண்டு மறைவில் ஒரு சேலை நெய்கிறான். தன் கையால் நாள்தோறும் நெய்யும் பொருள் தன்னுடையதன்று என்னும் முரணை அப்படம் காட்சியாக்கியது. நெசவாளியின் வீடு அவனுடையது; அங்கு நெய்யப்படும் பட்டோ முதலாளிக்கோ சங்கத்துக்கோ உரியது.

இவற்றைக் கருதும்போது, முன்றில் ஒரு போராட்டக் களம் என்பது தெளிவாகும். அதன் வரலாற்றில் பகிர்வும் விலக்கும் சேர்ந்தே நெய்யப்பட்டுள்ளன. ஆனால் விலக்கை நீக்குவதற்கான வழி முன்றிலை அழிப்பதன்று. திண்ணையை இடித்துக் கம்பிக் கதவிட்ட வீட்டில் சாதி நுழைவதற்குத் தடையேதும் இல்லை. அது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்கிறது, அவ்வளவே. உழைப்பு ஊரார் கண்முன் நிகழும் இடத்தில் கேள்வியும் எழ முடியும்.

சட்டமும் அளவுகோலும்

இன்றைய ஆட்சிமுறை முன்றிலை அறியாதது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் பொதுத் தெருக்களையும் சந்துகளையும் அரசின் சொத்து என வரையறுக்கிறது. அதன் பார்வையில் மனை எல்லையைத் தாண்டிய திண்ணை ஓர் ஆக்கிரமிப்பு. ஊரக வீட்டுவசதித் திட்டத்தின் குறைந்தபட்ச வீட்டுப்பரப்பு 25 சதுர மீட்டர். அதனை ஐந்துக்கு ஐந்து எனக் கொண்டால், தறிக்குழியும் சமையலும் போக மீதமிருப்பது படுக்கைக்கே போதாது. 16 மீட்டர்ப் பாவுக்கு அதில் இடம் தேடுவது வீண். அரசின் மற்றொரு கை இதனை அறிந்தே இருக்கிறது. கைத்தறி நெசவாளர் வீடுகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம் வழங்கும் ஆணை, வீடு பட்டறையும் ஆகும் என்பதை ஒப்புக்கொள்கிறது. மின்கணக்கில் ஏற்கப்பட்ட உண்மை மனைக்கணக்கில் ஏற்கப்படவில்லை.

தெருவின் மட்டமும் நெசவூர்களுக்கு உயிர்ச்சிக்கல். பழைய சாலையின் மேலேயே புதுச்சாலை இடப்படும்போது தெரு ஆண்டுதோறும் உயர்கிறது, வீடு தாழ்கிறது. பிற ஊர்களில் இது வாசலில் நீர் தேங்கும் தொல்லை. குழித்தறி உள்ள வீட்டிலோ மழைநீர் தறிக்குழியை அடைகிறது. ஈரத்தில் பட்டிழை கெடுகிறது. மழைக்காலம் முழுதும் கூலி இல்லாக் காலமாகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச்சாலை இட வேண்டும் எனத் தமிழகத் தலைமைச் செயலாளர் 2021இல் அறிவுறுத்தியது இவ்வகையில் நெசவூர்களுக்கு மிகவும் இன்றியமையாதது. அதனை அங்கு முதலில் நடைமுறைப்படுத்துவதே முறை.

மேலும், 2014ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டம், தெருவில் விற்போரின் வாழ்வாதாரத்தை ஓர் உரிமையாக ஏற்றது. விற்பவருக்குத் தெருவில் உள்ள உரிமை, உற்பத்தி செய்பவருக்கு ஏன் இல்லை? நெசவூர்களின் குறிப்பிட்ட தெருக்களை விடியற்பொழுதில் பாவு விரிக்கும் தெருக்களாக உள்ளாட்சித் தீர்மானத்தின் வழிப் பதிவு செய்வதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. தெரு பொழுதுக்கேற்பப் பங்கிடப்படும் என்னும் பழைய அறிவை ஆவணத்தில் ஏற்றுவதே அதற்குப் போதும். அப்பதிவு எல்லாச் சாதியாருக்கும் திறந்ததாக இருத்தல் வேண்டும் என்பதும் தீர்மானத்திலேயே இடம்பெற வேண்டும்.

முடிவுரை

தமிழாய்வுக்கு இதில் உரிய பங்கு மூன்று. முதலாவது, அகம் தனிவெளி, புறம் பொதுவெளி என்னும் சமன்பாட்டைக் கைவிட்டு, அலர், வாயில், முன்றில் ஆகிய இடைநிலைக் கருத்தாக்கங்களைக் கோட்பாட்டுச் சொற்களாக வளர்த்தெடுத்தல். இரண்டாவது, பாவு, ஊடை, கோர்வை, விழுது, படைமரம் என நெசவூர்களில் வழங்கும் தொழிற்சொற்களை அவை புழங்கும் தெருவோடும் பொழுதோடும் சேர்த்துத் தொகுத்தல். இடம் மறைந்தபின் சொல்லைத் தொகுப்பது உயிரற்ற பட்டியலாகவே முடியும். மூன்றாவது, அத்தொகுப்பில் திண்ணையில் அமர்ந்தோரின் நினைவோடு அதன்கீழ் நிறுத்தப்பட்டோரின் நினைவையும் பதிவு செய்தல்.

சோவியத்துக்குப் பிந்தைய நகரங்கள் தம் படிக்கட்டுகளையும் முற்றங்களையும் யாருடையவை எனக் கேட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் முழு விடை காணவில்லை. ஐயம்பேட்டை போன்ற ஊர்களுக்கு அவ்விடை ஓரளவு இன்னும் கையில் இருக்கிறது. பாவு விரிந்த தெருவில் அது நாள்தோறும் செயலாகிறது. வீடுகளின் பரப்பும் தெருக்களின் மட்டமும் இன்று உள்ளபடியே தொடருமாயின், பாவு கூலி ஆலைகளுக்கு நகரும். தெரு வண்டிகளுக்கு மட்டும் உரியதாகும். முன்றில் என்னும் சொல் இலக்கணப்போலிக்குச் சான்றாக மட்டும் பாடநூலில் எஞ்சும்.